தாழ்ப்பாள் தெரியாத கைப்பேசித் திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவானியில் பல ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுநீக்கும் சிறு கடை நடத்திவருகிறேன். பழுது என்று என் மேசைக்கு வரும் கைப்பேசிகள் பலவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பூட்டுத் திரையைக் கடக்கத் தெரியாமல்தான் கொண்டுவருகிறார்கள். சென்ற வாரம் ஜமக்காளம் நெய்யும் முதியவர் ஒருவர், "ஏனுங் தம்பி, மணி அடிக்குது, பச்சையை அமுக்கினா எடுக்கவே மாட்டேங்குதுங்" என்று தம் போனை நீட்டினார். குறை அவரிடம் இல்லை. திரை திறந்திருக்கும்போது அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். அதே அழைப்பு திரை பூட்டியிருக்கும்போது வந்தால், அதே பச்சையைப் பிடித்து இழுக்க வேண்டும். சட்டைப்பைக்குள் ஏதோ உரசி அழைப்பு தானாக ஏற்கப்பட்டுவிடக் கூடாது என்ற காரணம் சரிதான். ஆனால் ஒரே நிறம், ஒரே படம், அதற்கு இரு வேறு பழக்கம் என்றால் எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்?

2007-இல் வந்த முதல் ஐபோனின் பூட்டுத் திரையில், கீழே ஒரு பள்ளமும், அதனுள் அம்புக்குறியிட்ட பொத்தானும், இழுத்துத் திறக்கச் சொல்லும் எழுத்துகளும் வரையப்பட்டிருந்தன. கதவின் தாழ்ப்பாளைக் கண்டதும் எந்தப் பக்கம் தள்ளுவது என்று கைக்குத் தெரிவதுபோல, அங்கும் தெரிந்தது. 2013-இல் அந்தப் பள்ளத்தை அழித்தார்கள். 2016-இல் இழுத்துத் திறக்கும் முறையையே எடுத்துவிட்டார்கள். இன்று பல கைப்பேசிகளில் விரலைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும் என்பதற்கு ஒரு மெல்லிய கோடு மட்டுமே அடையாளம். தாழ்ப்பாளுக்கும் கதவின் நிறத்தையே பூசி மறைத்துவிட்டு, அதை அழகு என்கிறார்கள்.

கைரேகை இருக்கிறதே என்று கேட்கலாம். நூல் ஓடி ஓடித் தேய்ந்த நெசவாளர் விரலிலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமப்பவர் விரலிலும் ரேகையின் மேடுபள்ளம் மங்கியிருக்கும். போனில் ரேகையைப் படிக்கும் உணரி தேடுவதோ அந்த மேடுபள்ளத்தைத்தான். ரேஷன் கடையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இத்தகையோருக்கு, வேலையில் அதிகம் தேயாத மோதிர விரலையும் சேர்த்துப் பதிந்து கொடுக்கிறேன். பலருக்கு அது கைகொடுக்கிறது. அப்படியும் போனை அணைத்துப் போட்டால் முதல்முறை ரேகை செல்லாது, பூட்டுக்கான எண்ணோ, புள்ளிகளை விரலால் இணைத்துப் போடும் கோலமோ கட்டாயம். அது ஏன் என்று திரை புரியும்படி சொல்லாததால் போன் கெட்டுவிட்டதாக எண்ணிக் கடைக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பது புள்ளிக் கோலத்தில் 3,89,112 வடிவங்கள் போடலாம் என்றாலும், என் கடைக்கு வருபவர்களில் பலர் போடுவது தம் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைத்தான். விரல் பிசுக்கின் தடத்தை வைத்தே கோலத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டனர்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பூட்டுத் திரை என்பது வீட்டுத் திண்ணை போன்றது. உள்ளே விடாமலே வழிப்போக்கருக்கு உதவக்கூடிய இடம். மேட்டூர் சாலையில் ஒருவர் வண்டியோடு விழுந்துகிடந்தால், தூக்குபவர் அவருடைய போனிலிருந்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். அவசரத் தொடர்பு எண்ணையும் இரத்த வகையையும் பூட்டைத் திறக்காமலே காட்டும் வசதி ஐபோனில் 2014 முதலும் ஆண்ட்ராய்டில் 2016 முதலும் இருக்கிறது. அது 'அவசர அழைப்பு' என்ற சிறிய எழுத்துகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், நிரப்பியவரும் குறைவு, தேடிப் பார்ப்பவரும் குறைவு. புதுப் போனை முதன்முதலில் இயக்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாம். திரையில் 'வீட்டாரை அழைக்க' என்று பெரிய தமிழ் எழுத்தில் காட்டலாம். கூடவே, ஓடிபி எண் வரும் குறுஞ்செய்தியைப் பூட்டுத் திரையில் காட்டாமல் மறைப்பதை வாங்கும்போதே உள்ள அமைப்பாக வைக்கலாம்.

ஒலியளவைக் கூட்டும் பொத்தானை அழுத்தி அழைப்பை ஏற்கும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அமைப்புகளுக்குள் நான்கு அடுக்குக்குக் கீழே தேடினால் கிடைக்கும். நெசவாளர் ஐயாவின் போனில் அதை இயக்கிக் கொடுத்து, என் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தியவர், எதிரில் நின்றுகொண்டே என்னிடம் இரண்டு நிமிடம் போனில் பேசிவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுநீக்கும் கடைக்காரர் ஒருவர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.