குருசேகரக் கமிட்டியாருக்கு: பைப் ஆர்கனைக் கழற்றுமுன் ஒரு வார்த்தை

அன்பார்ந்த கமிட்டி அங்கத்தினர்களுக்கு ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசித்த அறிவிப்பில், கோயிலின் பழைய பைப் ஆர்கனை, அதாவது துருத்திக் காற்றால் குழாய்கள் ஒலிக்கும் அந்த வாத்தியத்தை, கழற்றிவிட்டு அந்த இடத்தில் கீபோர்டும் ஸ்பீக்கரும் வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். குழாய்களில் ஈயமும் வெள்ளீயமும் இருப்பதால் எடைக்குப் போட்டால் நல்ல விலை கிடைக்குமாம்.

சிறுவயதில் அந்த ஆர்கனுக்குக் காற்றடித்தவன் நான். பின்பக்கம் இருக்கும் கட்டைப்பிடியை மேலும் கீழும் இழுக்க வேண்டும். பக்கத்தில் நூலில் ஒரு ஈயக்குண்டு தொங்கும். துருத்தியில் எவ்வளவு காற்று மிச்சம் என்று அது காட்டும். பாட்டின் கடைசி அடியில் கொஞ்சம் அசந்தால் போதும், சுரம் அப்படியே சரிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இந்த வாரம் பின்கதவைத் திறந்து பார்த்தேன். துருத்தித் தோல் மடிப்புகளில் வெடித்திருக்கிறது, கீழே எலிப்புழுக்கை. குழாய்களில் தூசிதான். காற்று நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான நிலையிலிருந்து மீண்ட ஆர்கன் ஒன்று பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லாஸ் பின்யாஸ் கோயிலில் டியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் மூங்கிலிலேயே ஆர்கன் செய்தார். 1816இல் மூங்கில் வெட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். வேலை முடிய 1824 ஆனது. 1,031 குழாய்களில் 902 மூங்கில். எக்காளக் குழாய்களுக்கு மட்டும் உலோகம். அப்புறம் பூகம்பம், புயல் என்று அடிமேல் அடி. 1973இல் அதை ஜெர்மனியின் பான் நகரில் உள்ள கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்க் குளிரில் மூங்கில் வெடித்துவிடக் கூடாதே என்று பிலிப்பைன்ஸின் வெக்கையும் ஈரமும் உள்ள தனி அறையில் வைத்துச் சரிசெய்தார்கள். 1975இல் ஊர் திரும்பியது. இன்றும் அதை வைத்து வருடா வருடம் இசை விழா நடக்கிறது.

நம்முடையதை ஜெர்மனிக்கு அனுப்பச் சொல்லவில்லை. தெரிந்த தச்சரை விட்டுக் கழற்ற வேண்டாம், பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். ஆர்கன் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து முதலில் துருத்திக்கு மட்டும் செலவுக் கணக்குக் கேளுங்கள். அதற்குள் எதையாவது எடுத்தே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு குழாயிலும் நம்பர் கட்டி, போட்டோ எடுத்து, படுக்கை வசத்தில் வையுங்கள். மெல்லிய தகடு, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நசுங்கிவிடும்.

காற்றடிக்கும் மோட்டாருக்குப் பணம் பத்தாவிட்டால் கையால் அடிக்க நான் வருகிறேன். வயது அறுபத்திரண்டு. இரண்டு பாமாலைப் பாட்டு வரைக்கும் தாங்கும்.

இப்படிக்கு,
பழைய காற்றடிப் பையன்