கடற்கரை மாரியம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வைகாசியில் குடமுழுக்கு நல்லபடியாக நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் போன வெள்ளியோடு நிறைவாகிவிட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறவர்கள் படங்களைப் பார்த்து மகிழ்ந்தீர்கள், கூடவே ஒரு கேள்வியும் கேட்டீர்கள்: இவ்வளவு சின்னக் கோயிலுக்கு ஏன் ஒன்றரை வருஷம்? அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அறிக்கை கொஞ்சம் நீளமாகப் போகிறது.

அம்மனைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்துப் பாலாலயம் செய்துவிட்டு, கருவறை மேலிருக்கும் விமானத்தில் சாரம் கட்டியதும் முதலில் செய்தது, பழைய சிமென்ட் பூச்சைத் தட்டிப் பார்த்ததுதான். முந்தைய திருப்பணியில் பூசியது அது. தட்டின இடமெல்லாம் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்தால் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, செங்கல்லை விரலால் தேய்த்தால் நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிர்கிறது. காரணத்தைக் கொத்தனார் சொன்னார். உப்புத் தண்ணீர் சுவருக்குள் ஏறிவிடுகிறது, சிமென்ட் அதை வெளியே விடுவதில்லை, ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே கட்டிப்பட்டுச் செங்கல்லின் முகத்தை உடைத்துத் தள்ளுகிறது. மறுபடி சிமென்ட்தான் என்று ஒரு பக்கம், சுண்ணாம்புதான் என்று ஒரு பக்கம், கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். சரி, நம் கரையிலேயே நூற்றாண்டுக் கணக்கில் உப்புக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிற கட்டடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று, தை மாதம் ஏழு பேர் ஒரு வேனில் இரண்டு நாள் போய்வந்தோம். வேன் வாடகையும் சாப்பாடும் அவரவர் கைக்காசு, கோயில் கணக்கில் வராது.

முதலில் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டிய கோட்டை, 1845-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர் வெகுநேரம் பேசவே இல்லை. ஆனால் அங்கேதான் ஒன்று தெளிவாயிற்று. அலை வந்து மோதினால் கருங்கல்லும் நிற்காது, அது வேறு கதை. நம் கோயில் அலையிலிருந்து தள்ளி இருக்கிறது, நாம் சமாளிக்க வேண்டியது காற்றையும் அதில் வரும் உப்பையும்தான்.

காரைக்கால் தாண்டி நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. எங்களோடு வந்த படகுக்கார அண்ணன், தன் தாத்தா காலத்தில் கடலிலிருந்து அதை வைத்துத்தான் கரையைக் கணக்குப் போடுவார்கள் என்று சொல்லிக் கும்பிட்டார். நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டு, வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வேதாரண்யம் போகும்போது இருட்டிவிட்டது. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்களே, அந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் கோடியக்கரை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கட்டடம் 2004 சுனாமியில் இடிந்து, அடிப்பகுதியும் துண்டுகளும்தான் மிச்சம். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். ஒரு துண்டின் பக்கத்தில் கொத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு வேகத்தில் விழுந்தும் செங்கல்லும் காரையும் பிரியவில்லை, ஒரே கட்டியாகக் கிடக்கிறது. காரைக்குள் கிளிஞ்சல் சில்லு நகக்கண் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. சிமென்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரே அங்கே, "இதையே செய்துவிடலாம்பா" என்றார். அப்புறம் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி 1814-15-இல் எழுப்பிய அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு, அதுவும் செங்கல்தான். சுனாமியில் அடிபட்டு, பிறகு சீர் செய்யப்பட்டு நிற்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் ஒரு சாயங்காலம் ஒதுக்கிக் கட்டாயம் பாருங்கள்.

வந்ததும் சுண்ணாம்பு என்று ஒருமனதாக முடிவாயிற்று. அதில்தான் நாள் போனது. சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப் போட வேண்டும், நல்ல தண்ணீரில் அலசிய ஆற்று மணல் வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். பூசிய பிறகும் அவசரப்பட முடியாது. சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் மெல்ல மெல்ல இறுகும், அதுவரை நனைத்த சாக்குப் போட்டு ஈரம் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, சாரத்தில் யாரும் ஏறவே முடியவில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் போய்விட்டால் இங்கே கை குறையும், அது நம் ஊரில் தெரிந்ததுதானே. தினமும் காலையில் குடம் கொண்டுவந்து சாக்கை நனைத்த பெண்கள் குழுவுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் சம்பளம் வாங்கவில்லை.

திட்டத்தில் இல்லாமல் சேர்ந்தது ஒன்று உண்டு. கிழக்கு மதிலில் முன்பு இருந்த விளக்கு மாடத்தைச் சரிசெய்து விளக்குப் போட்டிருக்கிறோம். கலத்தைக் கரைந்து அழைப்பதால்தான் கலங்கரை என்பார்கள். போட்டில் எல்லாம் ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆனாலும் அம்மன் விளக்கைப் பார்த்துக் கரை ஏறினால் மனசுக்குத் தெம்பு என்று கேட்டவர்கள் கடலுக்குப் போகிறவர்களே. ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறிப் போய்விடும் என்பதால் தை முதல் சித்திரை வரை அதை ஏற்றுவதில்லை என்றும் அவர்களே முடிவு செய்தார்கள்.

வரவு செலவு முழுவதும் ரசீதுகளோடு முன்மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது, வெளியூரில் இருப்பவர்களுக்குப் படமாக அனுப்புகிறோம். மிச்சம் 38,400 ரூபாய் கோயில் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அதை வேறு எதற்கும் எடுக்காமல் வருஷா வருஷம் தை மாதம் வெள்ளையடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் யோசனை. பெயின்ட் உபயம் தருகிறோம் என்று இரண்டு பேர் அன்போடு சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம், பெயின்ட் அடித்தால் சுவர் மறுபடி மூச்சு முட்டும். அந்தப் பணத்துக்குச் சுண்ணாம்பு வாங்கித் தாருங்கள், தொட்டி காலியாகத்தான் இருக்கிறது.