பேரலில் எண்ணெய் தடவினாயா, மலர்?

திருவொற்றியூர்,
ஆடி மாதம்.

அன்பு மகள் மலருக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான் இருக்கிறது. அதை அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். நான் எழுதுவது உன் என்ஃபீல்ட் புல்லட் வண்டியைப் பற்றி. உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் முடிந்து, பிஸ்டன் ஓடும் பேரல் வந்துவிட்டது என்று வைகாசியில் நீ படம் அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நீ ஞாயிறுதோறும் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கி, எந்த போல்ட்டுக்கு வாஷர் போட்டிருக்கிறாய், எதற்கு மறந்திருக்கிறாய் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. சென்ற வாரம் பெங்களூரிலிருந்து வந்த உன் அத்தை மகள், வண்டி பார்க்கிங்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது என்றும் நீ கீழே இறங்குவதே இல்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பேரலில் எண்ணெய் தடவினாயா? வார்ப்பிரும்பு அது. கல்லால் தேய்த்து நுண்கோடுகள் போடும் ஹோனிங் செய்து வந்த பேரலின் உள்சுவர் பச்சை இரும்பாக, ஒரு பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும். ஆடிக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஒரே இரவில் அதன்மேல் செம்பழுப்பு படர்ந்துவிடும். மேலாகப் படர்ந்தது துடைத்தால் போகும். நாட்பட்டுக் குழி விழுந்தால் மறுபடியும் ரீபோர்தான். நாற்பது ஓவர்சைஸுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிதாக, வந்துவிட்ட பேரல் அது. அறுபதுக்குப் போனால் அதோடு சரி, பிறகு உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் அடிக்க வேண்டியிருக்கும். ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கீழே போய்ப் பார். முதலில் வெந்நீரிலும் சோப்பிலும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போதாது. ஹோனிங் கல்லின் பொடி எண்ணெயோடு சேர்ந்து அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுப்பது சோப்புத் தண்ணீர்தான். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அப்படி வந்த உடனே ஈரத்தை ஒற்றியெடுத்து இன்ஜின் ஆயில் தடவு. அடுப்பில் பால் இருக்கிறது, போனில் யாரோ அழைக்கிறார்கள் என்று நடுவில் எழுந்து போகாதே.

கிராங்க் கேஸின் வாய் திறந்தல்லவா கிடக்கிறது? கனெக்டிங் ராடைச் சுற்றிச் சுத்தமான துணியைத் திணித்து வைத்திருக்கிறாயா? தார்ப்பாய் மழையைத்தான் தடுக்கும். தூசியையும் கரப்பான் பூச்சியையும் தடுக்காது.

நீ வேலை தெரியாதவள் என்று இதையெல்லாம் எழுதவில்லை. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு லேத்துக்கு எடுத்துப் போய், இந்த பிஸ்டனுக்கு அளவு வைத்துத்தான் பேரலைக் கடைய வேண்டும் என்று நின்று சொல்லிவிட்டு வந்ததாக எழுதியிருந்தாயே, அன்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைப் படித்துக் காட்டினேன். தொழிலில் முப்பது வருடம் ஊறியவர்களே பேரலை மட்டும் கொடுத்து, 'நாற்பதுக்கு அடித்துவிடு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரே எண் குறித்த இரண்டு பிஸ்டன்கள் அளவில் ஒன்றாக இருப்பதில்லை என்பதை நீ புரிந்து வைத்திருக்கிறாய். அந்தப் புரிதல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மைக்ரோமீட்டரைப் பிடிக்க நீ அடம்பிடித்த வயதில் உன் கைக்கு அது பெரிதாக இருந்தது.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் டைமிங் கவரை மூடிவிட்டதாக எழுதினாய். அதற்குள் இருக்க வேண்டிய சிறிய கார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவரிலிருந்து கிராங்கின் முனைக்குள் எண்ணெய் போகும் இடத்தில் அந்தக் கார்க் உட்கார வேண்டும். அது இல்லாவிட்டாலும் மடிந்திருந்தாலும் எண்ணெய் அங்கேயே வழிந்துவிடும், கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டுக்குப் போய்ச் சேராது. உன் வண்டி 1974ஆம் வருடத்தது. அதன் பிக் எண்டில் இருப்பது ஃப்ளோட்டிங் புஷ், எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் வளையம். எண்ணெய் இருக்கும் வரையில் அது எதையும் தாங்கும். எண்ணெய் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலும் புஷ் போய்விடும், அதோடு நீ பொங்கலிலிருந்து செய்த வேலை அத்தனையும் போய்விடும். கேட்காமல் ஏன் மூடினாய்? போன் செய்தால் நான் எடுக்க மாட்டேனா? இரவு எந்த நேரமானாலும் எடுப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

கவரைத் திரும்பத் திறந்து பார்த்துவிடு. ஃபெல்ட் ஃபில்டர் இருக்கும் குழியைக் கையாலேயே எண்ணெய் ஊற்றி நிரப்பிய பிறகு மூடு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, அங்கே எண்ணெய் கசியும் வரை பொறுமையாகக் கிக்கரை மிதிக்க வேண்டும். அதற்கு முன் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும், தீப்பொறி விழும் டைமிங்கை நான் வந்து பார்க்கிறேன். டைமிங் முன்னால் ஏறியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த அடியில் கணுக்கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் இல்லாமல் முதல் கிக் அடிக்காதே.

இந்த வண்டியைக் கைவிட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து இங்கே வந்த இன்ஜின், நம் தெருவுக்கு அப்பால் அந்தத் தொழிற்சாலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அதே அமைப்பில் செய்யப்பட்டது. அதே 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. பின்னாளில் வந்த வண்டியின் பாகங்கள் பலவும் உன்னுடையதில் அப்படியே பொருந்தும். ஜி.பி. ரோட்டில் கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும். எது தேவையென்றாலும் பட்டியல் எழுதி அனுப்பு. பணத்தைப் பற்றி யோசிக்காதே. பணமே தடையாக இருந்தால் அதையும் எழுது. வேறு எது தடையாக இருந்தாலும் எழுது.

ஆர்.சி. புக்கைப் பத்திரமாக வைத்திரு. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் தனி விதி வந்தது. விஏ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள், பத்து வருடம் செல்லும், ஆனால் அந்த வண்டியைத் தினசரிப் பயணத்துக்கு எடுக்க முடியாது. நீ வேலைக்கே ஓட்டிப் போக நினைத்திருந்தாய். அப்படியானால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பழைய முறையிலேயே இரு. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் மிச்சம் இருந்தால் வடித்துவிடு, பழைய ரப்பர் குழாயை மாற்றிவிடு.

வைகாசியில் நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மயிலாப்பூர்க்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். கொடுத்ததும் வாங்கியதும் என் பொறுப்பு, உனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. உன்னை இங்கே ஒருவரும் குறைவாகப் பேசவில்லை, பேசவும் விட மாட்டேன். நீ சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வருகிற சனிக்கிழமை பிருந்தாவனில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், கார்க் இரண்டு, ஃபெல்ட் ஒன்று கொண்டுவருகிறேன். நீ லீவு போட வேண்டாம், எனக்கென்று சமைக்கவும் வேண்டாம். பார்க்கிங்கில் ஒரு விளக்கு மட்டும் இழுத்துக் கொடு. பேச விருப்பமில்லை என்றால் பேசாமலே வேலை செய்யலாம். பட்டறையில் நானும் நீயும் அப்படி எத்தனை ஞாயிறுகள் இருந்திருக்கிறோம். நான் வர வேண்டாம் என்று நீ நினைத்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடு, டிக்கெட்டைத் திருப்பிவிடுகிறேன், கோபப்பட மாட்டேன். ஆனால் ஏதாவது ஒரு பதில் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வர வேண்டும், மலர். அதற்கு முன்னால் பேரலைக் கழுவி எண்ணெய் தடவிவிடு.

அன்புடன்,
அப்பா