மாலை நேர வேகத்தையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெலிபோன் லைன் வழியே இணையம் வந்த டயல்-அப் காலத்தில் மோடத்தின் உச்ச வேகமே 56 கேபிபிஎஸ்தான். ஒரு எம்பி கோப்பு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டு டெலிபோனில் யாரும் பேச முடியாது. 2004-ல் மத்திய அரசின் கொள்கை 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அது 512 ஆனது, 2023-ல் 2 எம்பிபிஎஸ், அதாவது 2,000 கேபிபிஎஸ். இன்று குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே ஃபைபர் வந்துவிட்டது. உண்மையிலேயே பெரிய வளர்ச்சி.

ஆனால் விளம்பரத்தில் இருக்கும் 100 எம்பிபிஎஸ் வீட்டுக்குள் எப்போதும் கிடைப்பதில்லை. காலையில் லேப்டாப்பில் வயரைச் செருகி சோதித்தால் 90-க்கு மேல் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு, அதே வயரில், பாதிகூட வருவதில்லை. மகளின் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. இணைப்பு தரும் நிறுவனத்தைக் கேட்டால், "வைஃபை பிரச்சினை சார், ரூட்டரை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்கிறார்கள். பின் அறையில் சுவர் தடுக்கிறது என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம். வயரிலேயே குறைந்தால்? ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் நெரிசல் வரத்தான் செய்யும். அதை முன்பே சொல்ல வேண்டாமா?

உச்ச வேகத்தோடு, இரவு 7 முதல் 10 மணி வரை கிடைக்கும் குறைந்தபட்ச வேகம், அப்லோடு வேகம் இரண்டையும் பில்லிலேயே அச்சிட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட வேண்டும்.

- வாசகர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்