கசெற் ரேப் முடிந்த இடத்தில் நின்ற பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்பதுகளின் ஆங்கிலப் பொப் பாட்டுகளில் எது சிறந்தது என்று தங்கள் வாசகர் பக்கத்தில் மூன்று ஞாயிறாக நடக்கும் சண்டையை வாசித்து வருகிறேன். வழக்கமாக வாசித்துச் சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். இந்த முறை தெஹிவளை வாசகர் என்னைப் பேனா எடுக்க வைத்துவிட்டார். டுரான் டுரான் குழுவிலிருந்த மூன்று டெய்லர்களும் சகோதரர்களாம். அவர்களுடைய 'சேவ் எ பிரேயர்' வீடியோ தாய்லாந்தில் எடுக்கப்பட்டதாம். எண்பதுகளின் தலைசிறந்த பாட்டு போனி எம்மின் 'ரஸ்புட்டினாம்'. இரண்டாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கை ஒன்றில் பிறந்தவள். இடையில் எட்டு மாதம் போக, அறுபது வயது வரை அதே ஒழுங்கைதான். 1982 ஏப்ரலில் நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கி இரண்டு மாதம். அந்த ஏப்ரலில்தான் பேர்மிங்ஹாமிலிருந்து வந்த அந்த ஐந்து பெடியன்களும் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி, சிகிரியாவின் உச்சியிலும் பொலன்னறுவைச் சிதைவுகளுக்குள்ளும் தென்கரையிலும் நின்று 'சேவ் எ பிரேயர்' வீடியோவுக்குப் படம் பிடித்தார்கள். 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' வீடியோவும் அதே பயணத்தில் எடுத்ததுதான். அதில் ஒரு பகுதியை எடுத்த இடம் கோட்டை சதாம் வீதியிலிருந்த பகோடா ரீ ரூம். தாய்லாந்து எங்கே, சதாம் வீதி எங்கே! என் அப்பா கோட்டையில் கிளாக்கராக இருந்தவர். சம்பள நாளில் அங்கேதான் எங்களுக்குப் பற்றிஸ் வாங்குவார். குழுவின் பாடகர் சைமன் லெ பொன் இருந்த கதிரையில் அப்பாவும் ஒருநாள் இருந்திருப்பார் என்று நான் சொன்னால் அண்ணா இன்றைக்கும் சிரிப்பார்.

அவர்கள் வந்து போனது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரே எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடத் தொடக்கத்தில்தான், காலி வீதியிலிருந்த ஒரு றெக்கோடிங் பாரில் அந்தப் பாட்டு எங்கள் கைக்கு வந்தது.

இந்தக் காலப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். றெக்கோடிங் பாருக்குப் போனால் மேசையில் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று கிடக்கும். அதில் பாட்டுகளின் பெயர்கள் இலக்கம் போட்டு எழுதப்பட்டிருக்கும். பிடித்தவற்றின் இலக்கங்களைத் துண்டில் எழுதி, வெறும் கசெற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் பதிந்து தருவார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு நீளமாக இருந்தால் ரேப் முடிகிற இடத்தில் 'டக்' என்று நிற்கும். அதைப் பற்றிக் கடைக்காரர் அலட்டிக்கொள்ள மாட்டார். உறையில் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் பச்சை மையால் தமிழில் எழுதித் தருவார். என் கசெற்றில் அவர் எழுதியிருந்தது 'டூரன் அன் டூரன்'.

ஆகவே இரண்டு வருடமாக நானும் அண்ணாவும் அவர்களை இரண்டு பேர் என்றே நினைத்திருந்தோம். அண்ணனும் தம்பியும். தெஹிவளை வாசகரும் அப்படி ஏதோ ஒரு கடை வாசலில்தான் பாடம் படித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பெயர் 1968 இல் வந்த 'பார்பரெல்லா' என்ற படத்தின் ஒரு பாத்திரத்திலிருந்து எடுத்தது. ஜோன் டெய்லர், ரொஜர் டெய்லர், அண்டி டெய்லர் மூவருக்கும் பெயர் ஒன்றாக அமைந்ததே ஒழிய ஒட்டோ உறவோ கிடையாது. குவீன் குழுவில் மேளம் அடித்த ரொஜர் டெய்லர் வேறொருவர். நம்மூரில் ஒரே வகுப்பில் மூன்று சிவகுமார் இருப்பதில்லையா, அது போலத்தான்.

அந்தக் கசெற்றின் ஏ பக்கம் எங்களுடையது, பி பக்கம் அம்மாவுடையது. ஒரு கசெற்றுக்குக் காசு கொடுத்தால் வீட்டுக்குப் பிரயோசனம் வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஏ பக்கத்தில் கடைசியாக 'சேவ் எ பிரேயர்' போய்க்கொண்டிருக்கும்போதே ரேப் முடியும். திருப்பிப் போட்டால் சீர்காழி முருகனை அழைப்பார். இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் என் காது அடுத்ததாக சீர்காழியைத்தான் எதிர்பார்க்கிறது.

இனி 'ரஸ்புட்டின்'. அது 1978 இல் வந்தது. எண்பதுகளின் பாட்டு என்று போட்டிக்கே கொண்டுவர முடியாது என்று கொட்டாஞ்சேனை வாசகர் எழுதியிருந்தார். கணக்கில் அவர் சரி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் தெஹிவளையின் பக்கம். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகுதானே கசெற் பிளேயர்கள் வீடு வீடாக வந்தன? மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் ரேடியோவும் கசெற் பிளேயரும் ஒன்றாயிருக்கும் ரூ-இன்-வன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியதும் அதற்குப் பிறகுதானே? இலண்டனில் பழசாகிப்போன பாட்டு இங்கே நாலு வருடம் கழித்துப் புதுப் பாட்டாக ஓடும். வெள்ளவத்தையின் எண்பதுகள் கலண்டரைப் பார்த்துத் தொடங்கவில்லை.

போனி எம்மைப் பற்றிப் பேசுகிறபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஆடிக் குதித்து எங்களை மயக்கிய பொபி ஃபாரல் அந்த இசைத்தட்டுகளில் பாடவில்லை. அந்த ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. பெண்குரல்கள் லிஸ் மிச்சலும் மார்சியா பரட்டும். மெய்சி வில்லியம்ஸ் மேடைக்கு மட்டும். இதே ஃபாரியன்தான் பிறகு மில்லி வனில்லி என்று இரண்டு அழகான வாலிபர்களை வாயசைக்க விட்டு, அவர்களுக்குக் கிடைத்த கிராமி விருது 1990 இல் திருப்பி வாங்கப்படும் நிலைக்குக் கொண்டு போனார். நம்ம பச்சை மைக்காரர் பெயரைப் பிழையாக எழுதியது தெரியாத்தனம். இவர்கள் உறையில் முகத்தைப் பிழையாகப் போட்டது தெரிந்தே செய்த வேலை. பொபி ஃபாரல் பாவம். 2010 டிசம்பர் 30 இல் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் காலமானார். ரஸ்புட்டின் கொல்லப்பட்டதும் அதே நகரில், அதே டிசம்பர் 30 இல்தான். இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

நமக்கென்று சொந்தமாகப் பொப் இசையே இருக்கவில்லை என்று யாரோ எழுதியதற்கு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் போதும். அதற்கு மேல் வாதிட எனக்கு விருப்பமில்லை.

என் உண்மையான எதிரி வாசகர் பக்கத்தில் இல்லை. அவர் ஜேர்மனியில் இருக்கிறார், என் அண்ணா. நாற்பது வருடமாக அவர் கட்சி ஜேர்மன் இரட்டையரான மொடர்ன் டோக்கிங், என் கட்சி டுரான் டுரான். முன்பு கடிதத்தில், பிறகு தொலைபேசியில், இப்போது வட்ஸ்அப்பில். மொடர்ன் டோக்கிங்கின் பாட்டுகள் எல்லாமே ஒரே பாட்டு என்பது என் குற்றச்சாட்டு. அதிலும் கோரஸில் உச்சத்தில் வருகிற அந்தக் குரல் இரட்டையரில் ஒருவரான டீற்றர் போலனுடையது என்று அண்ணா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பாடியவர்கள் பெயர் வெளியே வராத ஸ்ரூடியோப் பாடகர்கள் என்று எனக்குத் தெரியவந்த நாளன்று நான் அனுப்பிய செய்திக்கு அவர் இரண்டு நாள் பதில் போடவில்லை.

ஆனால் அவருடைய காரணம் எனக்குத் தெரியும். அவர் 1985 ஜனவரியில் கிழக்கு பேர்லின் வழியாக ரயிலேறி மேற்கு பேர்லினுக்குப் போய் அகதியாகப் பதிந்தவர். ஒரு அறையில் ஆறு பேர். பனி. வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு சின்ன ரேடியோ. அந்த வசந்தத்தில் 'யூ ஆர் மை ஹார்ட், யூ ஆர் மை சோல்' அங்கே முதலிடத்தில் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதைத்தான் போட்டார்களாம். மொழி தெரியாத ஊரில் அவருக்கு விளங்கிய முதல் சொற்கள் அந்தப் பாட்டின் ஆங்கிலம்தான். இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், சண்டைக்கு நடுவில். அதற்குப் பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு சுமார்தான்.

1983 ஜூலை 25 திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நாங்கள் பின்மதில் ஏறிப் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமியின் குசினிக்குள் இருந்தோம். ரூ-இன்-வன், கசெற்றுகள், அப்பாவின் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெசின் எல்லாம் போயின. பிறகு பாடசாலை ஒன்றில் அகதிகள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. முதலில் சொன்ன எட்டு மாதம் அதுதான். திரும்பி வந்தபோது அடுத்த ஒழுங்கையிலிருந்த என் சிங்களச் சிநேகிதி என் பச்சை மைக் கசெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூன் மாதம் அவளுக்கு இரவல் கொடுத்ததை நானே மறந்துவிட்டேன். முப்பதுக்கு மேற்பட்ட கசெற்றுகளில் மிஞ்சியது அந்த ஒன்று. இரவல் கொடுத்தது திரும்பாது என்பார்கள். என் விஷயத்தில் இரவல் கொடுத்தது மட்டும்தான் திரும்பியது. உறையில் தமிழ் எழுத்து இருந்ததால் அதைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம்.

அவள் வீட்டில்தான் 1986 இல் அந்த இரண்டு வீடியோக்களையும் முதன்முதலாகப் பார்த்தேன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வீ.எச்.எஸ். கசெற். அவள் சைமன் லெ பொன்னின் தலை தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல மேலே வருகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நான் தெருவில் வருகிற சனங்களைப் பார்த்தேன். கடையோரம் நிற்கிறவர்கள், பின்னால் கடந்து போகிறவர்கள். 1982 ஏப்ரல். அந்தச் சனங்களில் எத்தனை பேர் தமிழர், அடுத்த வருடம் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று யோசித்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ரசல் மல்கேஹி என்ற இயக்குநர் எடுத்த அந்த 'ஹங்ரி' வீடியோ 1983 தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ரி.வி.யில் ஓயாமல் ஓடியது. 1984 பெப்ரவரியில், குறு இசை வீடியோவுக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது அதற்கும் 'கேர்ள்ஸ் ஒன் ஃபில்ம்' என்ற இன்னொன்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்த மாதம் நான் கொக்குவிலில் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எது சிறந்தது? 'ஹங்ரி' ஒரு பெண்ணின் சிரிப்போடு தொடங்கி ஓட்டமாக ஓடுகிறது. கேட்க உசார்தான். ஆனால் 'சேவ் எ பிரேயர்' தொடக்கத்தில் நிக் ரோட்ஸின் சிந்தசைசர் வழுக்கி வழுக்கி வருகிறதே, அதை இரவில் விளக்கை அணைத்துவிட்டு வடிவாகக் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் அது இரண்டாம் இடம் வரைக்கும் போனது. முதலிடத்தில் குந்திக்கொண்டிருந்தது 'ஐ ஒஃப் த டைகர்', குத்துச்சண்டைப் படப் பாட்டு. இதுதான் என் வாக்கு. கொட்டாஞ்சேனை வாசகர் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

1992 இல் ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணா ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். சொக்லேட், அம்மாவுக்கு ஸ்வெற்றர் (கொழும்பில் ஸ்வெற்றர்!), அப்பாவுக்குச் சவர அலகு. அடியில் 'சேவ் எ பிரேயர்' இருக்கிற டுரான் டுரானின் 'ரியோ' கசெற், கடையில் விற்கிற அசல். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பத்து வருடமாக ரேப் முடிகிற இடத்தில் அறுந்து நிற்கிற பாட்டின் முடிவைக் கேட்கத்தான் அனுப்பியிருக்கிறார். இரவு எல்லோரும் படுத்த பிறகு போட்டேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. நான் அறிந்த இடம் தாண்டியது. பிறகு அதே வரி, திரும்ப அதே வரி, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து குறைந்து இல்லாமல் போனது. அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

அடுத்த ஞாயிறு அண்ணா தொலைபேசி எடுத்தபோது சொன்னேன். "அதுக்குத்தான் மொடர்ன் டோக்கிங்கைக் கேள் எண்டு சொன்னனான்" என்றார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி,
கொழும்பு 06