காளியம்மனின் புலிக்குப் புள்ளிதான்

மலையகத் தோட்டக் கோயில்களின் தலைவர்மாருக்கும் நிர்வாக சபையினருக்கும் வணக்கம்.

நான் எந்தக் கோயில் சபையிலும் அங்கத்தவன் இல்லை. அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் கோயில் சந்தா பிடித்தார்கள். அந்த உரிமையில் நம் கோயில்களின் மிருகச் சிலைகளைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பஸ்ஸில் போகும்போது கோயில் மிருகங்களை எண்ணுவோம். ஹட்டனில் ஏறினால் நுவரெலியா வரும்வரை இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. மயில் எங்கும் கிடைக்கும் என்பதால் ஒரு மார்க். சிங்கத்துக்கு இரண்டு. முனியாண்டியின் குதிரை கண்ணில் பட்டால் ஐந்து. மாத்தளை முத்துமாரியம்மனின் 108 அடி ராஜகோபுரத்தில் எண்ணத் தொடங்கினால் கழுத்து வலிதான் மிஞ்சும். சீதாஎலியவில் ஆற்றோரத்து அனுமாரைப் பார்க்க சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அவை எங்கள் கணக்கில் சேராது. நாங்கள் தேடுவது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் பக்கத்தில் பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கும் கோயில்களை. ஒரு தோட்டத்து டிவிஷனில் நந்திக்குக் கறுப்பு வெள்ளைத் திட்டு போட்டிருந்தார்கள், அம்பேவல பண்ணை மாடு மாதிரியே. மகள் அதற்குப் பத்து மார்க் எடுத்துக்கொண்டாள். நானும் விட்டுக்கொடுத்தேன்.

இந்தப் பைத்தியம் லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து தொற்றியது. 2010இல் அங்கே தெருக்களிலும் பூங்காக்களிலும் 250க்கு மேற்பட்ட யானைச் சிலைகளை நிறுத்தினார்கள். குட்டி யானை அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேறு வேறு கோலத்தில் வர்ணம் தீட்டியிருந்தார். வேலை முடிந்ததும் யானை தேடப் போவான், இரவில் படம் அனுப்புவான். கண்ணிவெடியில் கால் இழந்த மோஷா என்ற தாய்லாந்துக் குட்டி யானையை முன்னிட்டு 2007இல் ரொட்டர்டாமில் தொடங்கிய காரியம் அது. அதற்கும் முன்பு, 1998இல், சூரிச் நகரம் தெருவெல்லாம் மாட்டுச் சிலைகளை நிறுத்தியது. அடுத்த வருடம் சிக்காகோ. மாடு பார்ப்பதற்கென்றே சனம் ஊர் சுற்றியது. தீட்டியவர் பெயர் காலடியில் தகட்டில் இருக்கும்.

படங்களைப் பார்த்த அம்மா கேட்டார்: “இதுக்கா அவ்வளவு தூரம் நடக்கிறான்? நம்ம கோயில்ல இல்லாத மாடா?”

சரி, இப்போது நம் கோயிலுக்கே வருகிறேன்.

நான் பிறந்த தோட்டத்தில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மேலே காளியம்மன் கோயில். அம்மன் காலடியில் சிமெந்துப் புலி ஒன்று படுத்திருக்கும். அதன் கண்கள் இரண்டும் கோலிக்குண்டு. சாயங்காலம் விளக்கு வைத்தால் ஒரு கண் மட்டும் மின்னும், மற்றது சற்று உள்ளே புதைந்துவிட்டது. வால் உடைந்து உள்ளே இருந்த கம்பி வெளியே தெரியும். அதைப் பிடித்து ஏறித்தான் நாங்கள் எல்லோரும் புலிச்சவாரி போனோம். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. உடம்பெல்லாம் புள்ளி. சும்மா பொட்டு வைத்த மாதிரி இல்லை, நடுவில் மஞ்சளை விட்டுச் சுற்றிக் கறுப்பாக வளைத்த புள்ளி.

செய்தவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். காட்டோர மலையில் அவர் கண்ட புலி அதுதான். நாம் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தானே? இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. ஸ்டோருக்கு ரோதமுனி, மலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று தொழிலுக்குள்ளேயே சாமி கண்டவர்கள் நம்மவர்கள். கண்ட புலியையே அம்மனுக்குக் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன.

அப்புறம் கும்பாபிஷேகம் வந்தது. வெளியூரிலிருந்து பெயின்டர் வந்தார். “புலிக்கு வரிதானே?” என்று கேட்டாராம். யாரும் மறுக்கவில்லை. திருவிழாவுக்குப் போய்ப் பார்க்கிறேன், செம்மஞ்சள் எனாமலில் கறுப்பு வரியோடு பளபளவென்று ஏதோ ஒரு புலி. கோலிக்குண்டு மேலும் பெயின்ட் அடித்து முழி வரைந்திருந்தார்கள். பெயின்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சபையும் சனங்களின் காசைச் செலவழித்து அம்மனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்தபோது எத்தனை பேசினோம்! இந்தப் புலியின் தோலை உரித்தபோது மட்டும் பேச்சில்லை. திருவிழாவில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

பெயின்ட் அடிக்காதீர்கள் என்று கேட்கவில்லை. நம் ஊர் மழைக்கும் பாசிக்கும் அடிக்காமல் விட்டால் சிலையே மிஞ்சாது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை, அதைத் தொடங்கும் முன் ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து ஒவ்வொரு மிருகத்தையும் நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். ‘இருந்த நிறம், இருந்த புள்ளி’ என்று பெயின்டரோடு பேசும்போதே பேசிவிடுங்கள். தெரியாத இடத்தில் லயத்துக் கிழவிகளைக் கேளுங்கள், அவர்களுக்கு நிறம் மறக்காது.

இன்னொன்று, செய்தவர் பெயர். டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைக்கிறோம். குதிரையைச் செய்தவருக்கு ஒரு வரி கிடையாது. பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் கடலாதெனிய விகாரை இருக்கிறது. 1344இல் அதைக் கட்டிய தென்னிந்திய ஆச்சாரியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எழுநூறு வருடத்துக்கு முந்திய ஆளின் பெயர் நமக்குத் தெரிகிறது. நாற்பது வருடத்துக்கு முன் நம் லயத்தில் இருந்தவரின் பெயர் தெரியவில்லை.

மகளின் கொப்பியில் இதுவரை 61 மிருகங்கள். இடம், மிருகம், நிறம், செய்தவர் என்று நாலு நிரல் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நாலாவது நிரலில் மூன்றே பெயர்கள். உங்கள் கோயிலுக்கு நாங்கள் வரும்போது யாரையாவது கேட்டு வைத்திருந்தால் உதவியாக இருக்கும். எங்கள் புலியைச் செய்தவரை அம்மாவிடம் கேட்டோம். பட்டப்பெயர்தான் ஞாபகம் வந்தது: பீலிக்கரைத் தாத்தா. அதையே எழுதி வைத்திருக்கிறாள், பென்சிலால்.

இப்படிக்கு,
அந்தப் புலி மேல் உட்கார்ந்து வளர்ந்த ஒருவன்