ஜெர்மனியில் டிரேட்மார்க்: தேடிப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர் பின்னலாடைகளைச் சொந்த பிராண்டில் ஜெர்மனியில் விற்க நினைப்பவர்கள், 'மியூனிக்கில் உள்ள ஜெர்மன் டிரேட்மார்க் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை' என்று இருந்துவிடுகிறார்கள். இதே போன்ற பெயர் முன்பே இருக்கிறதா என்று நம் நாட்டு டிரேட்மார்க் அலுவலகம் பார்த்து ஆட்சேபிக்கும். மியூனிக் அலுவலகம் அதைப் பார்ப்பதே இல்லை. பருத்தியைக் குறிக்கும் 'பௌம்வொல்ல' என்ற ஜெர்மன் சொல்லைச் சட்டைக்குக் கேட்டால், பொருளையே வர்ணிக்கிறது என்று மறுத்துவிடும். அடுத்தவர் பெயரைக் கேட்டாலோ தந்துவிடும்!

அந்தப் பெயரை முன்பே வைத்திருப்பவர், உங்கள் பதிவு வெளியானதிலிருந்து 3 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம். அதைத் தவறவிட்டாலும் நீதிமன்றம் போகலாம். பெரும்பாலும் முதலில் வருவது அவருடைய வக்கீலின் எச்சரிக்கைக் கடிதம்தான், வக்கீல் செலவுக்கான பில்லோடு.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே தேடுங்கள். ஜெர்மன் பதிவேடு மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியப் பதிவுகளும், மாட்ரிட் முறையில் (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் சர்வதேச முறை) ஜெர்மனியையோ ஒன்றியத்தையோ குறித்த பதிவுகளும் அங்கே செல்லுபடியாகும். டிஎம்வியூ தளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். எழுத்தோடு ஒலியையும் பாருங்கள்: உயிரெழுத்துக்கு முன்வரும் 'எஸ்' அங்கே 'இசட்' போல ஒலிக்கும், 'டபிள்யூ' 'வி' ஆகும்.

ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 3 வகுப்புகள் (பொருள்களின் பிரிவுகள்) வரை 290 யூரோ. அதற்கு மேல் வகுப்புக்கு 100. விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் போயிற்று. மறுத்தாலும் பணம் திரும்பாது. ஆடை 25ஆம் வகுப்பு, படுக்கை விரிப்பும் துண்டும் 24. பிறகு எந்தப் பொருளையும் சேர்க்க முடியாது என்பதால் பட்டியலை யோசித்து எழுதுங்கள். அதற்காக ஆசைப்பட்டு நீட்டவும் வேண்டாம். தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாத பொருளுக்கு உங்கள் உரிமையை ரத்து செய்யப் பிறர் கேட்கலாம்.

இங்கே விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் அங்கே முன்னுரிமை கோரி விண்ணப்பித்தால் இந்தியத் தேதியே முன்னுரிமைத் தேதியாகும்; இடையில் வேறொருவர் விண்ணப்பித்திருந்தாலும் நீங்களே முந்தியவர். அங்கே அலுவலகம் இல்லாத நிறுவனம் நடவடிக்கைகளுக்கு உள்ளூர் வக்கீலையோ காப்புரிமை வக்கீலையோ நியமிக்க வேண்டும். 'நாங்களே பதிந்து தருகிறோம்' என்று இறக்குமதியாளர் சொன்னால், உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் என்று பாருங்கள். அவர் பெயரில் பதிந்த பிராண்டை மீட்பது நீண்ட வழக்கு.

பதிவு வெளியானதும் அரசு முத்திரை போன்ற தலைப்போடு கட்டண பில்கள் தபாலில் வரும். அவை பெரும்பாலும் மோசடி. வக்கீலிடம் கேட்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

– டிரேட்மார்க் ஆலோசகர்கள், திருப்பூர்